லிபியாவில் விழுந்த முதல் குண்டு முதல் தானாகத் தாக்கும் ட்ரோன் வரை: 'மாட்டேன்' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஹவுளுக்குப் பக்கத்தில் நாலைந்து பிள்ளைகள் ஒரு செல்போனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தோம். வானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு கூட்டல் குறி. மண் சாலையில் ஒரு வண்டி போகிறது. சில நொடிகளில் திரை முழுக்க வெள்ளைப் புகை. பின்னணியில் ஒரு நஷீத் ஒலிக்கிறது. பிள்ளைகள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

நம்மைப் பார்த்ததும் ஒருவன், "ஹஜ்ரத், இது நம்ம ட்ரோன்" என்றான்.

"அந்த வண்டிக்குள்ள இருந்தது யாருப்பா?" என்று கேட்டோம்.

ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த நாடு, எந்த வருடம் என்பதும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் பெரியவர்களாகிய நாமும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். காஸாவில் குண்டு விழும் படத்தைப் பார்த்து அழுகிறோம். 'நம்மவர்' போடும் குண்டு என்றால் பகிர்ந்து மகிழ்கிறோம். உள்ளே இருந்தது யார் என்று இரண்டாவது படத்தைப் பார்க்கும்போது கேட்க மறந்துவிடுகிறோம்.

2020-இல் கராபாக், 2022 முதல் உக்ரைன், 2023 அக்டோபர் முதல் காஸா, 2025 மே மாதத்தில் இந்தியா – பாகிஸ்தான் மோதல், அடுத்த மாதமே இஸ்ரேல் – ஈரான் போர். இவை அனைத்திலும் ட்ரோன் முன்னணியில் நின்றது. இனி வரும் போர்களிலும் நிற்கும். ஆகவே இந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது, யார் மீது முதலில் சோதிக்கப்பட்டது, இன்று எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

மடியில் வைத்திருந்த குண்டு

ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானத்தைப் பறக்கவிட்டது 1903 டிசம்பர் 17 அன்று. அதிலிருந்து எட்டு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில் விமானத்திலிருந்து முதல் குண்டு விழுந்தது. விழுந்த இடம் லிபியா.

அப்போது லிபியா உஸ்மானியப் பேரரசின் ஒரு பகுதி. அதைப் பிடிக்க 1911 செப்டம்பர் இறுதியில் இத்தாலி போர் தொடுத்தது. தன்னுடன் சில விமானங்களையும் கொண்டுவந்தது. அவை வேவு பார்க்க வந்தவை. நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோட்டி என்ற இளம் விமானி திரிப்போலிக்கு அருகே தாஜூரா, ஐன் ஸாரா ஆகிய இடங்களின் மேல் பறந்து நான்கு சிறு குண்டுகளைக் கையால் வீசினார். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்காது. ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே, மறு கையால் குண்டை எடுத்து மடியில் வைத்து, பிறகு கீழே வீசியதைத் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்திருக்கிறார்.

அதற்கு முன்பே, 1899-இல், ஹேக் நகரில் கூடிய நாடுகள் பலூன்களிலிருந்து வெடிபொருள்களை வீசக்கூடாது என்று ஐந்து ஆண்டுகளுக்குத் தடை போட்டிருந்தன. 1907-இல் அதைப் புதுப்பித்தபோது பல வல்லரசுகள் அதில் சேரவில்லை. விமானம் பிறந்துவிட்டது, அதனால் என்ன பயன் கிடைக்கும் என்று பார்க்காமல் கையைக் கட்டிக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. இன்று தானியங்கி ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கவனிப்பவர்களுக்கு இது பழைய கதையாகத் தோன்றாது.

'காவல்' என்ற பெயரில்

முதல் உலகப் போரில் விமானம் வளர்ந்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் பிரிட்டன் முதன்முதலாக டாங்கியை இறக்கியது. ரகசியம் காக்க அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1917 ஜூன் 13 அன்று ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு வீசியபோது ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். பிரிட்டன் முழுவதும் கொதித்தது. பிள்ளைகளைக் கொல்வது காட்டுமிராண்டித்தனம் என்று அந்த மக்கள் பேசியது முற்றிலும் சரியே.

ஆனால் அதே பிரிட்டன் இரண்டே ஆண்டுகளில் என்ன செய்தது என்று பாருங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக். அது நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மறுநாள் ஏப்ரல் 14 அன்று, அதே பஞ்சாபில், குஜ்ரன்வாலா நகரத்தின் மீதும் சுற்றியுள்ள கிராமங்களின் மீதும் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசி, இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய சொந்தக் குடிமக்கள் மீது வானிலிருந்து தாக்குதல்! இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த மாதம் 24-ஆம் தேதி, பெர்லினைத் தாக்குவதற்காக வடிவமைக்கப்பட்ட ஒரு பெரிய விமானம் காபூலுக்குச் சென்று அமீர் அமானுல்லாவின் அரண்மனை மீது குண்டு வீசியது. 1920 ஜனவரியில் சோமாலிலாந்தில் சையித் முஹம்மத் அப்துல்லாஹ் ஹஸனின் கோட்டைகள் மீது பன்னிரண்டு விமானங்களைக் கொண்ட ஒரு படை ஏவப்பட்டது. இருபது ஆண்டுகளாக அடங்காத எதிர்ப்பு சில வாரங்களில் முறிந்தது.

அங்கேதான் லண்டன் கணக்குப் போட்டது. தரைப்படையை அனுப்பினால் செலவு அதிகம், சிப்பாய்களும் சாவார்கள். விமானம் மலிவு. 1920-இல் இராக் மக்கள் பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பிறகு, 1921 மார்ச் மாதம் கெய்ரோவில் வின்ஸ்டன் சர்ச்சில் கூட்டிய மாநாட்டில் இராக்கை விமானப்படையைக் கொண்டே அடக்கி ஆள்வது என்று முடிவானது. 1922 அக்டோபரில் அந்த நாட்டின் முழு ராணுவப் பொறுப்பும் விமானப்படைக்குப் போனது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வான்வழிக் காவல்'. வரி கட்டாத கிராமங்கள், அதிகாரியின் உத்தரவுக்கு வராத கோத்திரங்கள் எல்லாம் குண்டுக்கு இலக்காயின.

அந்த அதிகாரிகளுள் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லயனல் சார்ல்டன். இராக்கில் விமானப்படையின் மூத்த அதிகாரியாகப் பணியாற்ற 1923-இல் வந்தவர். திவானிய்யா நகர மருத்துவமனைக்குச் சென்ற அவர், விமானக் குண்டால் காயம்பட்ட சாதாரண மக்களை அங்கே கண்டார். மேலிருந்து பார்த்தபோது புள்ளிகளாகத் தெரிந்தவர்களைக் கட்டிலில் படுத்த நிலையில் பக்கத்தில் பார்த்தார். தம்மால் இந்தப் பணியைத் தொடர முடியாது என்று சொல்லி அந்தப் பதவியிலிருந்து விலகினார். அவருக்கு நம் மார்க்கமும் தெரியாது, நம் மொழியும் தெரியாது. ஆனால் 'மாட்டேன்' என்று சொன்னார். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் கடைசியில் மீண்டும் வருவோம்.

ஊருக்குப் போட்டது வீட்டுக்கும் வந்தது

1930-களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு நடந்தது. வானிலிருந்து குண்டு வீசுவதையே முற்றாகத் தடை செய்துவிடலாம் என்ற பேச்சு அங்கே வந்தது. பிரிட்டன் ஒரு விதிவிலக்குக் கேட்டது: தொலைதூரப் பகுதிகளில் காவல் பணிக்காக மட்டும் குண்டு வீசலாம் என்று இருக்க வேண்டும். தொலைதூரம் என்றால் யாருக்குத் தொலைவு? லண்டனுக்குத் தொலைவு. வஜீரிஸ்தானில் வாழ்பவனுக்கு அது சொந்த வீடு. மாநாடு தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு, இந்த விதிவிலக்கும் அதில் ஒன்று.

இதற்கிடையில் மொராக்கோவின் ரீஃப் மலைப் பகுதியில் ஸ்பெயின் விமானங்கள் விஷவாயுவைக் கொட்டின. 1935 – 36-இல் எத்தியோப்பியாவில் இத்தாலியும் அதையே செய்தது. ஐரோப்பாவில் யாரும் தூக்கம் இழக்கவில்லை. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகரத்தை ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் எரித்தபோதுதான் உலகம் அதிர்ந்தது. எங்கோ சோதிக்கப்பட்ட வித்தை வீட்டு வாசலுக்கு வந்திருந்தது.

இராக்கில் சரக்கு விமானங்களில் குண்டு மாட்டும் ஏற்பாட்டைச் செய்த ஒரு படைப்பிரிவுத் தலைவர் இருந்தார். பெயர் ஆர்தர் ஹாரிஸ். 1942 முதல் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைக்குத் தலைமை தாங்கி ஜெர்மானிய நகரங்களை எரித்தவர் அவரே. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் சுமார் 25,000 பேர் மாண்டார்கள். மார்ச் 9 இரவு டோக்கியோவில் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு வீசியதில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஒரே இரவில் இறந்தனர். ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் ஒரு விமானம், ஒரு குண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000. நாகசாகியில் சுமார் 70,000. கவோட்டியின் மடியிலிருந்து ஹிரோஷிமா வரை முப்பத்து நான்கு ஆண்டுகள்தான்.

போர் முடிந்த பிறகும் இது நிற்கவில்லை. 1964 முதல் 1973 வரை லாவோஸ் என்ற சிறு நாட்டின் மீது அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான வெடிபொருளைக் கொட்டியது. அதில் 27 கோடி சிறு கொத்துக் குண்டுகள். வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் உழவர்களையும் பிள்ளைகளையும் காயப்படுத்துகின்றன. வான்தாக்குதல் என்றால் என்ன என்பதை ஈழத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தில் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அவர்கள் மறக்கவில்லை.

குறி தப்பாத குண்டு

1991 வளைகுடாப் போரில் உலகம் ஒரு புதிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தது. குண்டு நேராகச் சென்று ஒரு கட்டடத்தின் துவாரத்துக்குள் நுழைகிறது. இனிப் பொதுமக்கள் சாக மாட்டார்கள், குறி வைத்த இடத்தில் மட்டுமே குண்டு விழும் என்று சொன்னார்கள். உண்மையில் அந்தப் போரில் வீசப்பட்ட குண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட இப்படி வழிநடத்தப்பட்டவை அல்ல.

சரி, வழிநடத்தப்பட்ட குண்டாவது என்ன செய்தது? 1991 பிப்ரவரி 13 விடியலுக்கு முன் பக்தாதின் ஆமிரிய்யா பகுதியில் ஒரு பதுங்கிடத்தின் கூரையை இரண்டு லேசர் குண்டுகள் துளைத்தன. முதல் குண்டு துளை போட்டது, அடுத்தது உள்ளே போய் வெடித்தது. கொஞ்சமும் குறி தப்பவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் குண்டுக்குப் பயந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளும். இறந்தவர்கள் 400-க்கும் மேல். அது ராணுவக் கட்டளை மையம் என்று நம்பித் தாக்கியதாக அமெரிக்கா சொன்னது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய பாடம் இதுதான்: குண்டு எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்பது ஒரு கேள்வி. யார் மீது விழ வேண்டும் என்று முடிவு செய்ததில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. ஆயுத வியாபாரிகள் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்வார்கள்.

2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் பிரிடேட்டர் என்ற ஆளில்லா விமானம் முதன்முறையாகப் போரில் ஏவுகணை வீசியது. அடுத்த ஆண்டு நவம்பரில் யமனில், போர் அறிவிக்கப்படாத ஒரு நாட்டில், ஓடும் காரைத் தாக்கியது. ஓட்டுபவர் இருந்தது பல்லாயிரம் மைல் தொலைவில், அமெரிக்காவின் நெவாடா பாலைவனம் போன்ற இடங்களில். காலையில் வேலைக்கு வந்து திரையைப் பார்த்துத் தாக்கிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்ற அளவுக்குப் போர் மாறியது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்கப் படை காபூலை விட்டு வெளியேறும் கடைசி நாள்களில், ஒரு வெள்ளைக் காரைப் பல மணி நேரம் ட்ரோனில் பின்தொடர்ந்து, அதில் வெடிபொருள் ஏற்றுகிறார்கள் என்று முடிவு செய்து தாக்கினார்கள். அந்தக் காரை ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர். ஏற்றியது தண்ணீர்க் கேன்கள். அவருடன் ஏழு பிள்ளைகள் உட்பட மொத்தம் பத்துப் பேர் இறந்தார்கள். சரியான தாக்குதல் என்று முதலில் சொன்னவர்கள், பத்திரிகைகள் தோண்டி எடுத்த பிறகு, செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் யாருக்கும் தண்டனை இல்லை என்று முடிவானது. பத்திரிகையாளர்கள் செல்ல முடிந்த தலைநகரிலேயே இப்படி என்றால், யாரும் போக முடியாத மலைக் கிராமங்களில் இருபது ஆண்டுகளாக என்ன நடந்திருக்கும்?

விலை குறைந்தது, கைகள் கூடின

வல்லரசுகளின் தனிச் சொத்தாக இருந்தவரை ட்ரோன் அவர்களின் கொடுமை என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அப்படிப் பேச முடியாது. 2020-இல் கராபாக் போரில் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்கள் ஆர்மீனிய டாங்கிகளை வரிசையாக அழித்தபோது நம் சமுதாயத்தில் பலர் கொண்டாடினார்கள். ஈரானின் ஷாஹித் ட்ரோன்கள் ரஷ்யாவின் கையில் உக்ரைன் நகரங்களின் மின்நிலையங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் தாக்குகின்றன. உக்ரைன் களத்தில் சில நூறு டாலர் விலையுள்ள, கண்ணாடி மாட்டி ஓட்டும் சிறு ட்ரோன்கள் கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள டாங்கிகளை எரிக்கின்றன. 1916-இல் எதிரியின் பதுங்குகுழியை நசுக்க வந்த டாங்கி, இன்று தலைக்கு மேல் இரும்புக் கூண்டை மாட்டிக்கொண்டு ஒளிந்து நகர்கிறது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் மறைத்து அனுப்பிய ட்ரோன்கள், சைபீரியா வரை உள்ளே இருந்த ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கின.

பணமுள்ளவனிடம் மட்டுமே இருந்த ஆயுதம் எளியவனின் கைக்கும் வந்தது நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். ஆக்கிரமிப்பை எதிர்த்து நிற்கும் மக்களுக்கு அது உதவுவதும் உண்மைதான். ஆனால் மலிவான ஆயுதம் நல்லவனை மட்டும் தேடிப் போவதில்லை. யமனில் 2016 அக்டோபர் 8 அன்று ஸன்ஆ நகரில் ஒரு ஜனாஸா மண்டபத்தில் குண்டு வீசி சுமார் 140 பேரைக் கொன்றதும், 2018 ஆகஸ்ட் 9 அன்று ழஹ்யான் சந்தையில் சுற்றுலா சென்ற பிள்ளைகளின் பேருந்தைத் தாக்கி 40 பிள்ளைகளைக் கொன்றதும் சவூதி தலைமையிலான கூட்டணியின் விமானங்கள். அந்தப் பேருந்தின் மீது விழுந்தது அமெரிக்கத் தயாரிப்பான, குறி தப்பாத லேசர் குண்டு. ஜனாஸாவுக்கு வந்தவர்களும் முஸ்லிம்கள், குண்டு போட்டவர்களும் முஸ்லிம்கள். இதைச் சொல்லாமல் மற்றவர்களின் குற்றத்தை மட்டும் பட்டியலிட்டால் அது நீதியாகாது. நம் உறவினர்களுக்குப் பாதகமாக இருந்தாலும் நீதியின் மீது நிலைத்திருக்க வேண்டும் என்பதுதானே நமக்கு இடப்பட்ட கட்டளை?

மீண்டும் லிபியா

முதல் குண்டு விழுந்த லிபியாவுக்குத் திரும்புவோம். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2011-இல், நேட்டோ விமானங்கள் அந்த வானத்தில் 26,000 முறைக்கும் மேல் பறந்தன. மக்களைக் காப்பதற்கு என்று ஐ.நா. அனுமதி பெற்ற தாக்குதல் அது. ஆகஸ்ட் 8 அன்று மஜேர் என்ற ஊரில் 34 பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஐ.நா. விசாரணைக் குழுவே பதிவு செய்தது. பிறகு நாடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் துருக்கி ட்ரோன், மறுபக்கம் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஆதரவோடு சீன ட்ரோன் என்று ஆனது. 2020 ஜனவரி 4 அன்று திரிப்போலியில் ராணுவப் பயிற்சிப் பள்ளியின் மைதானத்தில் ஆயுதமின்றி அணிவகுத்து நின்ற 26 மாணவர்கள் ஓர் ஏவுகணையில் மாண்டார்கள்.

அதே ஆண்டு மார்ச் மாதம் நடந்தது இன்னும் கவலைக்குரியது. பின்வாங்கிச் சென்ற ஹஃப்தர் தரப்புப் படையினரைத் துருக்கித் தயாரிப்பான கார்கு-2 என்ற சிறு ட்ரோன்கள் விரட்டித் தாக்கியதாகவும், ஓட்டுநரோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே இலக்கைத் தாக்கும்படி அவை நிரல் செய்யப்பட்டவை என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2021-இல் அறிக்கை தந்தது. அதில் யாராவது இறந்தார்களா என்பதை அறிக்கை உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் வாசல் திறந்துவிட்டது. மடியில் குண்டை வைத்திருந்த மனிதனே இல்லாத போர் அதே மண்ணில் எட்டிப் பார்த்திருக்கிறது.

காஸாவில் இன்னொரு வழியில் இதே மாற்றம் நடந்தது. 'லாவெண்டர்' என்ற கணினி அமைப்பு ஆயிரக்கணக்கான ஆண்களைக் கொல்லத் தகுந்த இலக்குகளாகப் பட்டியலிட்டது, மனிதர்கள் ஒரு பெயருக்குச் சில நொடிகளே செலவிட்டு ஒப்புதல் தந்தார்கள் என்று இஸ்ரேலிய – ஃபலஸ்தீனியச் செய்தியாளர்கள் நடத்தும் '972' இதழ் 2024 ஏப்ரலில் எழுதியது. அது வெறும் தகவல் சரிபார்க்கும் கருவி, முடிவெடுப்பது மனிதர்களே என்று இஸ்ரேல் ராணுவம் மறுத்தது. 2025 ஜூலை இறுதியில் காஸா சுகாதார அமைச்சகம் அறிவித்த சாவு எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியிருந்தது. ஒரு பெயருக்குச் சில நொடிகள்! நம் ஊர் ரேஷன் கடையில் கார்டைச் சரிபார்க்கவே அதைவிட நேரம் ஆகும்.

மன்ஜனீக் பாடம் நமக்குச் சொல்வது

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியபோது மன்ஜனீக் பற்றிய பாடம் வந்தது. கோட்டைக்குள் கல்லையும் நெருப்பையும் எறியும் பழங்காலப் பொறி அது. கோட்டைக்குள் பெண்களும் பிள்ளைகளும் இருந்தால் எறியலாமா என்று நம் இமாம்கள் நுணுக்கமாக விவாதித்திருக்கிறார்கள். அந்த வயதில் அது உயிரில்லாத பாடமாகத் தோன்றியது. பிறகு கல்லூரியில் வரலாறு படித்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. எறிபவனின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் விழும் ஆயுதத்துக்கு என்ன சட்டம் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்றைய கேள்வியும் அதுவே.

அவர்கள் ஒரே சொல்லில் கூடாது என்று முடித்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அனுமதித்தவர்கள் உண்டு. ஆனால் அனுமதித்தவர்களும் அவசியம் என்ற எல்லையையும், குறி போரிடுபவர்களை நோக்கியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பேசினார்கள். பெண்கள், பிள்ளைகள், முதியவர்களைக் கொல்லாதீர்கள், கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று படைக்கு அபூபக்ர் (ரழி) அவர்கள் செய்த உபதேசம்தான் அந்த விவாதங்களுக்குப் பின்னணி.

ஆனால் இந்த விஷயத்தில் நம் நெஞ்சைத் தொடுவது பனூ ஜதீமா நிகழ்ச்சி. ஹிஜ்ரி 8-இல் காலித் இப்னு வலீத் (ரழி) அவர்கள் அந்தக் கோத்திரத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்றோம் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல் அந்த மக்கள் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, சிறைபிடிக்கப்பட்டவர்களைக் கொல்லுமாறு கட்டளை வந்தது. இப்னு உமர் (ரழி) அவர்கள், தம் கையில் உள்ள கைதியைக் கொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். செய்தி மதீனாவின் தலைவரை எட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி அந்தச் செயலிலிருந்து தாம் விலகியவர் என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அலீ (ரழி) அவர்களைப் பொருளுடன் அனுப்பினார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஈட்டுத் தொகை கொடுக்கப்பட்டது. நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட விலை கொடுத்து, மிச்சமிருந்ததையும் அம்மக்களுக்கே அலீ (ரழி) அவர்கள் வழங்கியதாக சீறா நூல்கள் கூறுகின்றன.

இதைக் காபூலின் வெள்ளைக் காரோடு வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஓர் அடையாளம் தவறாகப் படிக்கப்பட்டது. ஒரு இடத்தில் தவறு உடனே ஒப்புக்கொள்ளப்பட்டது, இறந்தவர்கள் எண்ணப்பட்டார்கள், ஈடு கொடுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டளை வந்த இடத்திலேயே ஒருவர் 'மாட்டேன்' என்றார். திவானிய்யா மருத்துவமனையைப் பார்த்த சார்ல்டனும் அதைத்தான் சொன்னார். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க அணு ஏவுகணைகள் வருவதாகக் கணினி அலறியபோது அதை நம்ப மறுத்த சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவும் அதைத்தான் செய்தார். கணினி பார்த்தது மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை என்று பிறகு தெரிந்தது.

இயந்திரத்துக்கு இப்னு உமர் (ரழி) அவர்களின் தயக்கம் வராது. மறுமையில் அதற்குக் கேள்வியும் இல்லை. அதைச் செய்தவன், விற்றவன், ஏவியவன் எல்லோரும் 'கணினி செய்தது' என்று கையைக் கழுவிக்கொள்ளலாம். நூறு ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாற்றில் கொல்பவனுக்கும் சாகிறவனுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே வந்தது. இப்போது மறுக்கக்கூடிய அந்தக் கடைசி மனிதனையும் எடுத்துவிடப் பார்க்கிறார்கள். எதிர்க்க வேண்டியது இதைத்தான்.

நம்மால் என்ன முடியும்?

தடை போட்டால் யார் கேட்பார்கள் என்று சலிப்படைய வேண்டாம். பார்வையைப் பறிக்கும் லேசர் ஆயுதங்கள் போர்க்களத்துக்கு வருமுன்பே 1995-இல் தடை செய்யப்பட்டன. கண்ணிவெடிகளுக்கு 1997-இலும் கொத்துக் குண்டுகளுக்கு 2008-இலும் ஒப்பந்தங்கள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தது கால் இழந்தவர்களும் சாதாரண மக்களின் இயக்கங்களும் கொடுத்த அழுத்தம். இன்று அந்த மதிலிலும் விரிசல் விழுகிறது. 2025 மார்ச் மாதம் லித்துவேனியா கொத்துக் குண்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. ஆகவே காலம் குறைவு.

தானியங்கி ஆயுதங்களைப் பற்றி 2014 முதல் ஜெனீவாவில் பேசுகிறார்கள். 2026-க்குள் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டரெஸ் கேட்டார். 2023 டிசம்பரில் இந்த ஆயுதங்களைப் பற்றிக் கவலை தெரிவித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு, அதில் நம் இந்தியாவும் ஒன்று. இது நம் வரிப்பணத்தையும் நம் பிள்ளைகளின் பாதுகாப்பையும் சார்ந்த விஷயம். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பொறியியலும் கணினியும் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்தகைய நிறுவனங்களில் வேலைக்குச் சேரலாம். எதைச் செய்யக் கூடாது என்பதையும் வேலைக்கு முன்பே அவர்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பு வீட்டிலிருந்து தொடங்குவோம். தாக்குதல் காணொளி ஒன்று நம் செல்போனுக்கு வந்தால், பகிர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: உள்ளே இருந்தது யார்? பதில் தெரியாவிட்டால் நம்மோடு நிற்கட்டும். அதற்குப் பாட்டுச் சேர்க்க வேண்டாம், அல்லாஹ்வின் பெயரால் வியக்கவும் வேண்டாம்.

அந்த மாலையில் பிள்ளைகளிடம் இப்னு உமர் (ரழி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். "இது நம்ம ட்ரோன்" என்ற பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க தளபதி சொல்லியும் கேக்கலையா ஹஜ்ரத்?" என்றான். "கேக்கல. அதனாலதான் இன்னைக்கும் அவங்க பேரைச் சொல்றோம்" என்றோம். அவன் செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அநியாயமாகக் கொல்லப்படும் ஒவ்வோர் உயிரையும் எண்ணி வைத்திருப்பவன் அல்லாஹ். அவனுக்கு முன்னால் நிற்கும் நாளில் நம் கைகளிலும் நம் நாவுகளிலும் யாருடைய இரத்தமும் ஒட்டியிருக்காமல் அவன் நம்மைக் காப்பானாக. ஆமீன்.